பட்டமும் புரவலரும்: அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் படிப்புகளின் வரலாறு

இரு சொற்கள்

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத் தேவிகுளம் வட்டத்தைச் சேர்ந்த வட்டவடை, தமிழ் பேசுவோர் மிகுதியாக வாழும் மலையூர்களுள் ஒன்று. வெள்ளைப்பூண்டும் காய்கறியும் விளையும் இவ்வூருக்கு ஒருபுறம் மூணாறு. மறுபுறம் தமிழக எல்லையும் கொடைக்கானல் மலையும். இங்குத் தமிழ்வழியில் படித்து, மேற்படிப்புக்கு விண்ணப்பம் எழுதும் மாணாக்கர் ஒரே பொருளுக்கு இரண்டு சொற்களை எதிர்கொள்கின்றார். மலையாளப் படிவம் 'சர்வகலாசாலை' என்றும் 'பிருதம்' என்றும் கூறும். அவர் கற்ற தமிழ்ப் பாடநூலோ 'பல்கலைக்கழகம்' என்றும் 'பட்டம்' என்றும் கூறும்.

சர்வகலாசாலை என்பது தமிழுக்குப் புறம்பான சொல்லன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ் நூல்களின் முகப்பிலும் அதுவே வழங்கிற்று. இக்கட்டுரை எடுத்துக்கொண்ட நிறுவனத்தின் தொடக்க கால வெளியீடுகளில் 'அண்ணாமலை சர்வகலாசாலை' என்னும் பெயரைக் காணலாம். தமிழ் அச்சொல்லை விட்டு நீங்கியது. மலையாளம் அதனைக் காத்துக்கொண்டது. இன்று எல்லைப்புற மாணாக்கர் மலையாளச் சொல் என்று எண்ணுவது அவருடைய பாட்டனார் காலத்துத் தமிழ்ச் சொல்லும் ஆகும்.

பிருதம், பட்டம் என்னும் இரண்டன் வரலாறும் நோக்கத்தக்கது. வடமொழி 'பிருத'ம் தமிழில் 'விருது' ஆயிற்று. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் தன் குடைவரைகளில் பொறித்துக்கொண்ட விசித்திரசித்தன், குணபரன் முதலிய பெயர்கள் விருதுப்பெயர்களே. பட்டம் என்பது நெற்றியில் கட்டப்பெறும் பொற்றகடு. பட்டங்கட்டுதல் என்னும் வழக்கு அதிலிருந்து பிறந்தது. ஆக இரு மொழிகளிலும் கல்வித் தகுதியைச் சுட்டும் சொல் அரசவையிலிருந்து வந்ததே. ஒருவர் கொடுக்க ஒருவர் கொள்வது என்னும் பொருட்கூறு இரண்டிலும் உண்டு. கொடுப்பவருக்கு அதிகாரம் வேண்டும். கொடுத்ததைப் பிறர் மதிக்கவும் வேண்டும்.

அரசு அல்லாத ஒருவர் பட்டம் கொடுக்கும் நிறுவனத்தை ஏற்படுத்தினால் என்ன நிகழும்? தென்னாட்டில் இவ்வினாவுக்கு விடைதேடுவோர் முதலில் செல்லவேண்டிய இடம் சிதம்பரம். அங்கு 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழுக்கு என்னென்ன பட்டங்களைத் தந்தது, அவற்றை எம்மொழியின் வாயிலாகத் தந்தது, அப்பட்டங்களின் மதிப்பை யார் காத்தனர் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கேரளச் சட்டமன்றம் 2025 மார்ச்சுத் திங்களில் தனியார் பல்கலைக்கழகச் சட்ட முன்வரைவை நிறைவேற்றியுள்ள நிலையில் இவ்வினா தேவிகுளத்துத் தமிழருக்கும் உரியதாகிவிட்டது.

கொடையும் சட்டமும்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் (1881–1948) 1920இல் சிதம்பரத்தில் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அடுத்த பத்தாண்டிற்குள் அதனோடு தமிழ்க் கல்லூரி, வடமொழிக் கல்லூரி, இசைக் கல்லூரி ஆகியனவும் சேர்ந்தன. மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக 1924 முதல் 1927 வரை உ.வே. சாமிநாதையர் பணியாற்றினார். இக்கல்லூரிகளோடு இருபது இலட்சம் ரூபாயையும் செட்டியார் வழங்க, சென்னை மாகாண அரசும் தன் பங்காக மானியம் அளிக்க இசைந்து சட்டம் இயற்றியது. 1928ஆம் ஆண்டுச் சட்டம் என வழங்கும் அச்சட்டத்தின்படி 1929 சனவரி முதல் நாள் பல்கலைக்கழகம் தோன்றியது.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் கல்லூரிகளை இணைத்துத் தேர்வு நடத்திய அமைப்பாகவே இருந்தது. சிதம்பரத்திலோ ஆசிரியரும் மாணாக்கரும் ஓரிடத்து உறையும் ஒருமைப் பல்கலைக்கழகம் அமைந்தது. இரண்டாவது, தமிழ், வடமொழி, இசை ஆகியவற்றுக்குரிய கல்லூரிகள் அதன் அடித்தளத்திலேயே இருந்தன. பிற பல்கலைக்கழகங்களில் தமிழ் பின்னர் வந்து சேர்ந்த துறை. இங்கு அது மனையோடு வந்த கிணறு.

சட்டம் நிறுவனருக்குத் தனியுரிமைகளை வழங்கியது. ஆளுநர் வேந்தர், நிறுவனரும் அவருக்குப்பின் அவர் வழியினரும் இணைவேந்தர். துணைவேந்தரை அவர்கள் தரும் பெயர்ப்பட்டியலிலிருந்தே வேந்தர் அமர்த்துவார். அண்ணாமலைச் செட்டியாருக்குப்பின் அவர் மகன் முத்தையாச் செட்டியாரும், அவருக்குப்பின் எம்.ஏ.எம். இராமசாமியும் இணைவேந்தராயினர். வேந்தர், இணைவேந்தர், துணைவேந்தர் என்னும் கலைச்சொற்கள் வெறும் மொழிபெயர்ப்பே என்று எண்ணுவோர் உளர். ஆனால் சிதம்பரத்தைப் பொறுத்தவரை வேந்தர் என்னும் சொல்லடி பொருத்தமாகவே அமைந்துவிட்டது. இணைவேந்தர் பதவி மரபுரிமையாக இறங்கிய ஒன்று. இலங்கைத் தமிழர் நெடுங்காலம் 'உபவேந்தர்' என வழங்கியதையும், மலையாளம் ஆங்கிலச் சொல்லையே ஒலிபெயர்த்துக்கொண்டதையும் மொழிபெயர்ப்பாளர் இதனோடு ஒப்புநோக்கலாம்.

நிறுவனர் குடும்பத்தின் உரிமை தமிழகத்துக்கே உரிய விந்தையன்று. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தை நிறுவியவரின் மனைவி, கணவர் மறைந்தபின் அதன் முழு அதிகாரத்தையும் தாமே வைத்திருந்து 1903இல் அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்தார். அங்குப் பத்தாண்டில் முடிந்தது. இங்கு எண்பத்துநான்கு ஆண்டுகள் நீடித்தது.

வித்துவான் முதல் ஆனர்சு வரை

பல்கலைக்கழகம் தோன்றிய காலத்தில் தமிழ் கற்றவருக்கு இருந்த தகுதிகள் இரு வகையின. 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்னும் தேர்வுகளை நடத்தியது. சென்னைப் பல்கலைக்கழகம் கீழைமொழிகளுக்கெனத் தனித் தகுதிகளை ஏற்படுத்தி, வடமொழி கற்றவருக்குச் 'சிரோமணி' என்றும் திராவிட மொழிகள் கற்றவருக்கு 'வித்துவான்' என்றும் வழங்கியது. இவை பட்டங்கள் அல்ல, பட்டப்பெயர்கள். இவ்வேறுபாடு சொல்லளவில் நில்லாது ஊதியத்தில் வெளிப்பட்டது. உயர்நிலைப் பள்ளியில் வரலாறோ கணக்கோ கற்பித்தவர் பட்டதாரி ஆசிரியர். தமிழ் கற்பித்தவர் பண்டிதர். தொல்காப்பியமும் உரைகளும் கற்ற ஒருவர் தம் மாணவராயிருந்து பட்டம் பெற்றுத் திரும்பியவரைவிடக் குறைந்த ஊதியம் பெற்றார். 'பண்டிதர்' என்னும் உயர்சொல் பள்ளி வழக்கில் இழிபொருள் ஏற்றதற்கு இதனினும் வேறு காரணம் தேடவேண்டுவதில்லை. பொருளிழிபுக்குச் சான்று தேடும் மொழியியலார் ஊதியப் பட்டியலையும் புரட்டிப் பார்த்தல் நன்று.

சிதம்பரம் வித்துவான் வகுப்பைத் தொடர்ந்து நடத்தியதோடு, ஆங்கிலம், வரலாறு முதலியவற்றுக்கு இருந்த பி.ஏ. ஆனர்சு பட்டத்தைத் தமிழுக்கும் தந்தது. இடையில் கீழைக்கலைப் பட்டங்களாகிய பி.ஓ.எல்., எம்.ஓ.எல். என்பனவும் வழக்கில் இருந்தன. வித்துவான் தேறியவர் ஆங்கிலத் தேர்வையும் முடித்துக்கொண்டு பட்டதாரியாவதற்கு அவை ஒரு படிக்கட்டு.

இப்படிக்கட்டில் ஏறியவர் எத்தனை முறை தேர்வு எழுதவேண்டியிருந்தது என்பதற்கு வ.சுப. மாணிக்கனாரின் வாழ்க்கையே சான்று. சிதம்பரத்தில் வித்துவான் வகுப்பில் பயின்ற அவர் அடுத்துப் பி.ஓ.எல்., பின்னர் எம்.ஓ.எல்., பின்னர் எம்.ஏ., அதன்பின் முனைவர் எனப் படிப்படியாக ஏறினார். எம்.ஓ.எல். ஆய்வுக்கு அவர் எடுத்துக்கொண்டது தமிழ் வினைச்சொற்கள். மொழியியலார் நினைவிற் கொள்ளத்தக்க தலைப்பு. புலமையில் இப்படிகளுக்கிடையே எத்துணை வேறுபாடு இருந்தது என்பது ஐயத்துக்குரியது. படிகள் தகுதிக்காக அல்ல, தகுதியைப் பிறர் ஏற்பதற்காகவே அமைந்தன. பின்னர் அவர் அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும், மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார்.

இப்பட்டங்களைக் கற்பித்தோர் யாவர் என்று நோக்கினால் முரண் ஒன்று புலனாகும். தமிழ்ப் பட்டதாரிகளை உருவாக்கிய முதல் தலைமுறையினர் பலர் வேறு துறையினின்று வந்தவர்கள். கா. சுப்பிரமணியபிள்ளை சட்டத்தில் முதுகலை பெற்றவர். நாவலர் ச. சோமசுந்தர பாரதியார் வழக்குரைஞர். 1933 முதல் 1938 வரை பேராசிரியராக இருந்தார். 1930 முதல் 1936 வரை அங்குப் பணியாற்றிய ரா.பி. சேதுப்பிள்ளையும் சட்டம் பயின்றவர். பின்னாளில் வந்த தெ.பொ. மீனாட்சிசுந்தரனாரும் அவ்வாறே. தமிழுக்கு வழக்குமன்றம் செய்த கொடை தனியே எழுதத்தக்கது. 1931 முதல் 1933 வரை பேராசிரியராயிருந்த மட்டக்களப்பு விபுலாநந்த அடிகளோ இலண்டன் பல்கலைக்கழக அறிவியல் பட்டதாரி. மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர். சிதம்பரத்திலிருந்து நீங்கியபின் அவர் சென்னை மாகாணத் தமிழர் சங்கத்தின் கலைச்சொல்லாக்கப் பணியில் ஈடுபட்டார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார்.

மற்றொரு சாரார் எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் இல்லாதவர்கள். சேதுபதி அவைப் புலவராயிருந்த ரா. இராகவையங்கார் தமிழாராய்ச்சிப் பகுதியில் அமர்ந்தார். மகிபாலன்பட்டிப் பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் பள்ளிக் கல்வியே மிகச் சிறிது பெற்றவர்; தம் முயற்சியால் தமிழும் வடமொழியும் கற்றவர். அவர் 1934 முதல் பல்லாண்டு அங்குப் பேராசிரியராக இருந்தார். வடமொழி மிருச்சகடிகத்தை 'மண்ணியல் சிறுதேர்' என்றும், கௌடிலியரின் பொருள்நூலைத் தமிழிலும் தந்த அவரை மொழிபெயர்ப்பாளர் நன்கறிவர். மிருச்சகடிகம் என்னும் தொகையை மண், இயல், சிறுமை, தேர் எனப் பிரித்து ஒவ்வொரு கூறுக்கும் இயைபு கண்ட அத்தலைப்பு, பெயர்ச்சொல்லை ஒலிபெயர்ப்பதா மொழிபெயர்ப்பதா என்னும் வழக்குக்கு ஒரு விடை. பட்டம் இல்லாத இவ்விருவரையும் பட்டம் வழங்கும் இடத்தில் அமர்த்த ஓர் அரசு நிறுவனத்தின் விதிகள் எளிதில் இடந்தந்திரா. புரவலரின் விருப்பம் விதியாக இருந்தமையால் அது கூடிற்று. தனியார் உரிமையின் நற்பயன் என்று ஒன்றைச் சுட்டவேண்டின் இதனையே சுட்டவேண்டும்.

1940களில் தமிழ் ஆனர்சும் முதுகலையும் கற்றவர்களுள் வி.ஐ. சுப்பிரமணியம், இலங்கையிலிருந்து வந்த சேவியர் தனிநாயக அடிகள், பின்னாளில் அரசியலில் சிறந்த க. அன்பழகன், இரா. நெடுஞ்செழியன் ஆகியோர் அடங்குவர். ஒரு துறையிலிருந்து ஆய்வாளரும் அமைச்சரும் ஒருசேரத் தோன்றியது தற்செயலன்று. தமிழ்ப் பட்டத்துக்கு அப்போது வேலைவாய்ப்பைவிடக் கொள்கை வேகமே மிகுதி. சோமசுந்தர பாரதியார் இந்தி எதிர்ப்பில் முன்னின்றதும், 1941இல் சிதம்பரத்தில் தமிழிசை மாநாடு கூடியதும் அச்சூழலின் பகுதிகள்.

பாடமொழியும் பயிற்றுமொழியும்

தமிழுக்குப் பட்டம் கிடைத்தது. தமிழில் பட்டம் கிடைத்ததா என்பது வேறு வினா. 'தமிழ்க் கல்வி', 'தமிழ்வழிக் கல்வி' என்னும் இரண்டையும் நாம் இன்று எளிதாகப் பிரித்துப் பேசுகின்றோம். சிதம்பரத்தின் முதல் முப்பது ஆண்டுகளில் இப்பிரிவினை அவ்வளவு தெளிவாக எழவில்லை. தமிழ் அங்கு ஆராயப்படும் பொருள். ஆராய்ச்சியை வெளியிடும் வாயில் பெரும்பாலும் ஆங்கிலம்.

தனிநாயக அடிகள் பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை பற்றி ஆய்ந்து எழுதியது ஆங்கிலத்தில். மாணிக்கனார் அகத்திணை பற்றி முனைவர் பட்டத்துக்கு எழுதியதும் ஆங்கிலத்திலேயே. அவர் பின்னர் அப்பொருளைத் 'தமிழ்க் காதல்' என்னும் தமிழ் நூலாகத் தந்தார். இவ்விரு வடிவங்களின் உறவு நம் துறையினர் விரிவாக ஆராயாத ஒன்று. களவு, கற்பு, உடன்போக்கு, மடல் என்னும் சொற்களை ஆங்கிலத்தில் விளக்க முற்படுகையில் ஆய்வாளர் அவற்றுக்கு வரையறை தர நேர்கின்றது. தமிழில் எழுதும்போது வரையறை வேண்டா. சொல்லே பொருளைத் தாங்கும். ஆகவே ஆங்கிலவழி ஆய்வால் தமிழாய்வுக்கு ஒரு நன்மையும் விளைந்தது என்பது என் கருத்து: அது வரையறுக்கும் பழக்கத்தைப் புகுத்தியது. தீமையும் உண்டு. மரபுவழிப் புலவர் ஆய்வுப் பட்டத்தினின்றும் விலக்கப்பட்டனர். நச்சினார்க்கினியரை மனப்பாடமாக அறிந்தவர் ஆங்கிலம் அறியாமையால் முனைவராக முடியாது. உரையை மேலோட்டமாக அறிந்தவர் ஆங்கிலத்தால் ஆகலாம்.

மொழிப் போராட்டம் இவ்வளாகத்தில் உயிர்ப்பலி கொண்டதையும் இங்குக் குறிப்பிடவேண்டும். 1965 சனவரி 27ஆம் நாள் இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தின்போது காவலர் சுட்டதில் மாணவர் இராசேந்திரன் இறந்தார். இந்தி வேண்டா என்னும் முழக்கம் அவ்வளவு வலுவாக எழுந்த இடத்திலும், அறிவியலும் பொறியியலும் தமிழில் கற்பிக்கப்படவில்லை. தமிழ்வழிப் பட்டப்படிப்பு 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கியது. அதற்கு வேண்டிய பாடநூல்களைத் தமிழ் வெளியீட்டுக் கழகம் மொழிபெயர்த்தும் எழுதுவித்தும் தந்தது. 1967இல் கல்வியமைச்சரான நெடுஞ்செழியன் சிதம்பரத்தில் தமிழ் கற்றவர். அவர் காலத்தில் கல்லூரித் தமிழ்வழிக்கு அரசு ஊக்கம் தந்தது. புரவலரின் பல்கலைக்கழகம் ஆளை உருவாக்கியது. வாயிலை மாற்றியது அரசு.

மொழிபெயர்ப்புக்குப் பயன்பட்ட பெருநூல் ஒன்றிலும் சிதம்பரத்தின் கை உண்டு. அங்குத் தமிழ்ப் பேராசிரியராயிருந்த அ. சிதம்பரநாதன் செட்டியார் பின்னர் சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியரானார். 1963 முதல் 1965 வரை வெளிவந்த அந்நூல் இன்றும் நம் மேசைகளில் உள்ளது.

மொழியியற் பட்டம்

தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் 1958இல் இரண்டாம் முறையாகச் சிதம்பரம் வந்தபின் மொழியியல் அங்கு வேரூன்றிற்று. 1960களின் முற்பகுதியில் பல்கலைக்கழக மானியக் குழு மொழியியலுக்கென ஏற்படுத்திய உயராய்வு மையங்கள் இரண்டு. ஒன்று புணே தக்காணக் கல்லூரியில், மற்றொன்று சிதம்பரத்தில். 1966இல் தெ.பொ.மீ. மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகச் செல்ல, ச. அகத்தியலிங்கம் அம்மையத்தை வளர்த்தார்.

தமிழ்த் துறை இலக்கியத்தைப் பொருளாகக் கொண்டது. மொழியியல் துறையோ பேச்சைப் பொருளாகக் கொண்டது. மு. சண்முகம்பிள்ளையின் பேச்சுத் தமிழ்ப் பாடநூல் 1965இல் வெளிவந்தது. காமாட்சிநாதன் திருநெல்வேலித் தமிழைப் பற்றி எழுதிய கிளைமொழி ஆய்வு 1969இல் அச்சேறியது. இருளர், கோத்தர் முதலியோர் மொழிகளுக்கு இலக்கணங்கள் எழுதப்பட்டன. தமிழ்ப் பட்டத்துக்கு எழுத்து வழக்கு மட்டுமே தமிழ். மொழியியற் பட்டத்துக்கு உழவர் பேச்சும் மலைவாழ்நர் பேச்சும் தரவு. ஒரே வளாகத்தில் அடுத்தடுத்த கட்டடங்களில் 'தமிழ்' என்னும் சொல் இருவேறு பொருளில் வழங்கியது எனலாம். இரு சாராரும் ஒருவர் நூலை மற்றவர் படித்தது குறைவே. ஒலியன், உருபன் என்னும் கலைச்சொற்களைத் தமிழ்த் துறையார் ஏற்கவும், தொல்காப்பியரின் எழுத்தும் சொல்லும் வெறும் மரபுச் செய்தியல்ல என மொழியியலார் ஏற்கவும் காலம் பிடித்தது.

வி.ஐ. சுப்பிரமணியத்தின் பணி இவ்வரலாற்றைக் கேரளத்தோடு பிணைக்கின்றது. சிதம்பரத்தில் தமிழ் ஆனர்சு முடித்து, அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்று, திருவனந்தபுரத்தில் தமிழ்த் துறைத் தலைவரானார். அவர் தொகுத்த புறநானூற்றுச் சொல்லடைவைக் கேரளப் பல்கலைக்கழகம் 1962இல் வெளியிட்டது. 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். அவர் தலைமை ஏற்ற திருவனந்தபுரத் தமிழ்த் துறையும் ஒரு தனியார் கொடையின் பயனே. 1937இல் தோன்றிய திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழாராய்ச்சித் துறை அமைய 1944இல் ஓர் இலட்சம் ரூபாய் வழங்கியவர் காரைக்குடி அழகப்பச் செட்டியார். முதலில் மு. இராகவையங்காரும் அவருக்குப்பின் ச. வையாபுரிப்பிள்ளையும் அங்குப் பணியாற்றினர். வட்டவடை அந்நாளில் திருவிதாங்கூர் நாட்டின் பகுதி. இப்பகுதி மக்கள் பேசிய மொழிக்கு அவர்தம் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கை ஏற்பட்டது செட்டிநாட்டுப் பணத்தால் என்பது மறக்கத்தக்கதன்று.

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர் கோரிய தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தத்தம் மொழியில் அரசோடு தொடர்புகொள்ள இடந்தந்தது. உயர்கல்வியைப் பொறுத்தவரை, பாலக்காட்டு மாவட்டச் சித்தூர் அரசுக் கல்லூரி போன்ற சிலவற்றிலேயே தமிழ்ப் பட்டப்படிப்பு அமைந்தது. மலையின் ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்குச் சென்று தங்கிப் படிக்க எல்லாராலும் இயலாது.

அஞ்சலில் வந்த பட்டம்

1979இல் சிதம்பரம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. உறைவிடப் பல்கலைக்கழகம் என்பதே அடையாளமாக இருந்த ஒன்று, தன் வளாகத்தை ஒருபோதும் காணாதவர்க்குப் பட்டம் தரத் தொடங்கியது. தமிழ் இளங்கலை, முதுகலை தொடங்கி வணிகம், கல்வியியல், நூலகவியல் எனப் பாடங்கள் பெருகின. பள்ளியில் பணியாற்றிக்கொண்டே தகுதியை உயர்த்திக்கொள்ள விரும்பிய ஆசிரியரும், மணமாகி ஊரில் தங்கிவிட்ட பெண்டிரும், தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இதனால் பட்டதாரியாயினர். தேயிலைத் தோட்டங்களிலும் மலையூர்களிலும் 'அண்ணாமலையில் படித்தேன்' என்பதற்கு அஞ்சலில் படித்தேன் என்றே பொருள். பேச்சு வழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயர் ஒரு கல்விமுறையின் பெயராக மாறிய ஆகுபெயர் இது.

அறிஞர் பலர் இப்பட்டங்களை இழித்துப் பேசுவர். அவர்தம் கூற்றில் உண்மை உண்டு. பாடப்புத்தகமும் ஆண்டுக்கொரு தேர்வும் தவிர வேறு கற்பித்தல் குறைவு. ஆயினும் எல்லைக்கு அப்பால் வாழ்ந்த தமிழருக்குத் தம் மொழியில் தேர்வெழுதிப் பட்டம் பெறும் வழி வேறு எவ்வளவு இருந்தது என்பதையும் உடன் வினவவேண்டும். ஆனர்சு வகுப்பு பத்துப் பேருக்குத் தமிழ் அறிவைத் தந்தது. அஞ்சல்வழி ஆயிரவர்க்குத் தமிழில் தேர்வெழுதும் உரிமையைத் தந்தது.

இதற்குள் வளாகம் பெருத்தது. 1945இல் பொறியியலும், 1980களில் வேளாண்மை, பல் மருத்துவம், மருத்துவம் ஆகியனவும் சேர்ந்தன. அஞ்சல்வழிக் கட்டணமும் தொழிற்படிப்புக் கட்டணமுமே வருவாயின் தூண்களாயின. பணியாளர் தொகை வருவாய்க்கு மிஞ்சியது. 2012 இறுதியில் ஊதியக் குறைப்பும் ஆட்குறைப்பும் பற்றிய அறிவிப்பு வந்தபோது ஆசிரியரும் ஊழியரும் போராடினர். 2013 ஏப்ரலில் தமிழக அரசு நிருவாக அலுவலரை அமர்த்தியது. அவ்வாண்டே புதிய சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தை முழுதும் தன்வயப்படுத்தியது. நிறுவனர் வழியினரின் உரிமைகள் நீங்கின; இணைவேந்தர் பதவி உயர்கல்வி அமைச்சருக்குச் சென்றது. மிகையான பணியாளர் பலர் பிற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மாற்றப்பட்டனர். பண்டிதமணியை அமர்த்த இடந்தந்த அதே கட்டற்ற உரிமை, தேவைக்கு மீறி ஆளமர்த்தவும் இடந்தந்தது. இவ்விரண்டையும் தனித்தனியே பிரித்துப் போற்றவோ பழிக்கவோ இயலாது.

2021இல் மருத்துவக் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையிடம் சென்றது. அவ்வாண்டு ஆகத்தில் இயற்றிய திருத்தத்தின்படி விழுப்புரம், கள்ளக்குறிச்சி, கடலூர், மயிலாடுதுறை மாவட்டக் கல்லூரிகள் சிதம்பரத்தோடு இணைக்கப்பட்டன. ஒருமைப் பல்கலைக்கழகம் இணைப்புப் பல்கலைக்கழகமாயிற்று. எந்த அமைப்பினின்று வேறுபட வேண்டும் என்று 1929இல் தோன்றியதோ அவ்வமைப்பாகவே அது மாறியது.

பெரும் அடி 2022 மார்ச்சில் விழுந்தது. 2014–15ஆம் கல்வியாண்டுக்குப்பின் சிதம்பரம் நடத்திய தொலைநிலைப் படிப்புகளுக்குத் தன் ஒப்புதல் இல்லை எனப் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. ஒரு மாநிலச் சட்டத்தால் தோன்றிய பல்கலைக்கழகம் அம்மாநில எல்லைக்குள்ளேயே கற்பிக்கவேண்டும் என்னும் கொள்கையையும் குழு வற்புறுத்தி வந்துள்ளது. சத்தீசுகர் மாநிலம் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்களுக்கு இடந்தர, உச்ச நீதிமன்றம் 2005இல் அவற்றைச் செல்லாதனவாக்கிய தீர்ப்புக்குப்பின் இக்கொள்கை உறுதிப்பட்டது. பெயரளவில் மட்டும் பல்கலைக்கழகமாயிருந்தவற்றைத் தடுக்க அது தேவைப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் மொழி எல்லையும் மாநில எல்லையும் ஒன்றல்லாத வட்டவடை போன்ற ஊர்களில் அவ்விதி வேறு விதமாகப் பொருள்படுகின்றது. தமிழில் பட்டம் வழங்கும் நிறுவனம் எல்லைக்கு அப்பால்; தமிழில் கற்க விழைபவர் எல்லைக்கு இப்பால்.

தனியார் பல்கலைக்கழகம் என்னும் தொடர்

1929இல் சிதம்பரத்தை யாரும் தனியார் பல்கலைக்கழகம் என்று அழைக்கவில்லை. அது ஒரு வள்ளலின் கொடை. அரசுச் சட்டத்தால் அமைந்தது. இன்று அத்தொடர் சுட்டுவது வேறு. 1956ஆம் ஆண்டு மானியக் குழுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவின்படி அமையும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் ஒருபுறம். அறக்கட்டளையோ நிறுவனமோ மாநிலச் சட்டத்தின்வழி ஏற்படுத்தும் பல்கலைக்கழகங்கள் மறுபுறம். தமிழகத்தில் 2018இல் சிவ நாடார், சாய் ஆகிய இரண்டுக்குச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 'நிகர்நிலை' என்னும் சொல்லாக்கம் பாராட்டத்தக்கது. மூலச் சொல்லில் உள்ள 'கருதப்படுதல்' என்னும் தயக்கத்தை அது நீக்கி நேர்மதிப்பை ஏற்றிவிட்டது. சொல்லாக்கியோர் அதனை எண்ணிச் செய்தனரா என்பது வேறு.

கேரளம் 2025இல் நிறைவேற்றிய முன்வரைவு, தனியார் பல்கலைக்கழகங்களில் நூற்றுக்கு 40 இடங்களை அம்மாநிலத்து மாணாக்கர்க்கு ஒதுக்குகின்றது. தேவிகுளத்துத் தமிழ் மாணாக்கரும் அதனுள் அடங்குவர். அவர் அங்கு எம்மொழியில் கற்பார், எம்மொழியைக் கற்பார் என்பதை நிறுவுவோரின் பாடத்திட்டமே முடிவு செய்யும். மீனாட்சி தமிழ்க் கல்லூரி மீனாட்சி கல்லூரியோடு ஒரே கொடைப்பத்திரத்தில் இருந்தமையாலேயே சிதம்பரத்தில் தமிழ்ப் பட்டம் பிறந்தது. கட்டண வருவாயைக் கொண்டு நடக்கவேண்டிய நிறுவனத்தில் தமிழ்த் துறைக்கோ மொழியியல் துறைக்கோ கிணறு தோண்டுவார் எவர் என்பது சட்டத்தின் விதிகளால் முடிவாகும் செய்தியன்று. மூணாற்றிலிருந்தும் வட்டவடையிலிருந்தும் தமிழ் முதுகலை கற்க விழைவோர் இந்நாளில் செல்லும் இடங்களுள் சித்தூர் அரசுக் கல்லூரியும் காரியவட்டத்துக் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த் துறையும் தமிழகக் கல்லூரிகளும் அடங்கும். அவற்றுள் காரியவட்டத்துத் துறை அழகப்பர் தந்த ஓர் இலட்சத்தில் தொடங்கியது.